விசில் அக்காவின் நடுக்கப் பெட்டி

சிலருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பார்கள். விசில் அக்காவுக்கு அது கழுத்தில் தொங்கியது. கறுப்புக் கயிற்றில் கட்டிய, பல் பதிந்து தேய்ந்த விசில். நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை. ஒரு நீள விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நடுவில் யார் என்ன பேசினாலும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். படியில் தொங்குகிற கல்லூரிப் பையனிடம், "உங்கம்மாவுக்கு நீ ஒருத்தன்தானா, ஸ்பேர் இருக்கா?" என்று கேட்பாள். அவன் உள்ளே வந்துவிடுவான். கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கும்போது உட்கார்ந்து தூங்குவதாக நடிக்கிற பெரிய மனிதரின் காதருகே போய் விசில் ஊதுவாள். அவரும் எழுந்துவிடுவார்.

பிறந்ததிலிருந்தே அவள் வாயில் "ஏன்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தால் ஏன், வாத்தியார் பிரம்பை எடுத்தால் ஏன். "இவ வாயைத் தைக்க நல்ல ஊசியாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையிடமே நேராகக் கேட்டாள்: "என்னை ஏன் கட்டிக்கணும்னு நினைக்கிறீங்க?" வீடே பதறியது. அவர் மட்டும் நிதானமாக யோசித்துவிட்டு, "இதைக் கேக்கணும்னு வேற யாருக்கும் தோணலையே, அதனாலதான்" என்றார். அவளுடைய அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "தப்பிச்சோம்டா சாமி! இனிமே இவளோட ஏன் எல்லாம் மாப்பிள்ளை பாடு" என்றான்.

மாப்பிள்ளை ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியைச் சாக்குக்கட்டிக் கோட்டின் மேலேயே, ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கை. அவரோடு அக்கா சண்டை போடாத நாள் கிடையாது. சண்டைக்கு அப்புறம் சாப்பிடாமல் தூங்கிய நாளும் கிடையாது. அப்படியே இருந்திருக்கலாம். ஒரு காலையில் பூமி நடுங்கியது.

பெரிய நடுக்கமெல்லாம் இல்லை. ஊரில் பாதிப் பேர் லாரி போகிறது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கட்டிங் மாஸ்டர் வேலை பார்த்த மாடிக் கட்டடம் மட்டும் கால் மடங்கின மாடு மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரின் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர்கூடச் சிந்தவில்லை. அக்காவும் அவள் அண்ணனும் வெறுங்கையால் கல்லை அள்ளிப் போட்டார்கள். அண்ணனின் நகமெல்லாம் பிய்ந்து ரத்தம் வழிந்தது. அவன் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையை வெளியே எடுத்தபோது சட்டைப் பையில் சாக்குக்கட்டி முழுசாக இருந்தது. அவர் இல்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கீழ்த்தளத்தில் கார் விற்கிற கடை வைத்தவன், கார் உள்ளே வர இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு தூணை எடுத்திருக்கிறான். அரசாங்க அறிக்கையில் தூணைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தத் தெருவில் நடுக்கம் மிகக் கடுமையாக இருந்தது, இது இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்தார்கள். அக்காவுக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை. "இயற்கை மேல பழி போட்டா எவ்வளவு வசதி பாருங்க. அது கோர்ட்டுக்கு வராது, திருப்பிப் பேசாது" என்பாள். வழக்கு போட்டாள். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணன்தான் கூட வந்தான். ஒருநாள் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, அந்தக் கார் கடைக்காரன் காரிலேயே ஏறிப் போவதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "தூணை வெட்டினான் பாரு, அந்தக் கையை வெட்டணும்."

அந்த ஒரு சொல்லுக்காகவே அக்கா அண்ணனை மனதில் தூக்கி வைத்திருந்தாள்.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருந்தது. கீழே கடை, மேலே மூன்று மாடி. உச்சி மாடியில் அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகள் பாப்பாவும். நடுவில் வாடகைக்கு ஒரு டீச்சர் குடும்பம், ஒரு இன்சூரன்ஸ்காரர் குடும்பம். முதல் மாடியில், கடைக்கு நேர் மேலே இருந்த வீட்டை அண்ணன் தங்கைக்குக் கொடுத்தான். "தங்கச்சிகிட்ட வாடகை வாங்கினா நான் மனுஷனா?" என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது அவளுக்கு. "பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஏன் மாத்தலை?" என்று கேட்டாள்.

நடுக்கப் பெட்டி அந்த வீட்டுக்குத்தான் வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு மனிதர் தன் சமையலறையில் உட்கார்ந்தபடி, டிபன் பாக்ஸ் அளவு பெட்டி ஒன்றைக் காட்டி, நிலநடுக்கத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று பேசுகிற வீடியோ அவள் செல்போனில் வந்தது. உள்ளே ஒரு சுருள் கம்பி, அதில் தொங்குகிற காந்தம். தரை அசைந்தால் காந்தம் ஆடும், ஆட்டம் செல்போனில் கோடாக ஓடும். முன்பெல்லாம் இந்த மாதிரிக் கருவி பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்குமாம். இப்போது ஒரு சுமாரான செல்போன் விலைக்குக் கிடைக்கிறது. அக்கா அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டாள்.

"நிலம் நடுங்கினா உங்க விசிலுக்கு நிக்குமாக்கா?" என்று அவள் வண்டி டிரைவர் கேலி செய்தான். இன்சூரன்ஸ்காரர் கொஞ்சம் அறிவோடு கேட்டார்: "இது வரப்போறதைச் சொல்லாதாமே? வந்தப்புறம் சொல்றதுக்குப் பெட்டி எதுக்கு? ஆடினா நமக்கே தெரியாதா?"

"நமக்குத் தெரியும் சார். நாளைக்கு ஒருத்தன் வந்து, உங்க தெருவுல பயங்கரமா ஆடுச்சு, அதான் வீடு விழுந்துச்சுன்னு எழுதுவான். எவ்வளவு ஆடுச்சுன்னு அப்ப இது சொல்லும். மனுஷ சாட்சியைத்தான் விலைக்கு வாங்கிடுறானுங்களே."

பெட்டியை உறுதியான தரையில், தூண் ஓரமாக வைக்க வேண்டும் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருந்தது. சமையலறை மூலையில், கீழே கடைக்குள்ளிருந்து எழும்பி வீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற தூண் ஒன்று இருந்தது. அதன் காலடியில் வைத்தாள்.

முதல் வாரமே மானம் போனது. காலையில் செல்போனைப் பார்த்தால் கோடு தாறுமாறாகக் கிறுக்குகிறது. அக்கா படிக்கட்டில் ஏறி இறங்கி விசிலை ஊதித் தள்ளினாள். இன்சூரன்ஸ்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தெருவில் நின்றார். பாப்பா ஒரு காலில் ஷூவோடு வந்தாள். கடைசியில் பார்த்தால் டீச்சர் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழிந்துகொண்டிருக்கிறது. மெஷினுக்கு ஒரு கால் குட்டை, அதனால் குதித்திருக்கிறது. அன்றிலிருந்து கட்டடத்தில் யார் தும்மினாலும், "அக்கா, பதிவாயிருச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதிகம் பேசாதவள். இறங்கி வந்து பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது இருந்திருந்தா அன்னைக்கு அண்ணன் பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டாள். மாஸ்டரைத்தான் அண்ணன் என்றாள்.

"இல்ல அண்ணி. ஆனா எவனாலயும் பொய் சொல்லியிருக்க முடியாது."

போகப் போக அக்காவுக்குக் கோடுகள் பழகிவிட்டன. தெருவில் லாரி போனால் பருத்த புழு. டீச்சர் மெஷின் கம்பளிப்பூச்சி. அவளே கதவை அறைந்து சாத்தினால் நெட்டுக்குத்தாக ஒரு முள். தன் கோபத்தைக் கோடாகப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு கத்தியும் இத்தனூண்டுதானா என்று அதற்கும் கோபம் வந்தது.

கீழ்க் கடையில் இருந்த மரச்சாமான் வியாபாரி காலி செய்துகொண்டு போனது அந்தச் சமயத்தில்தான். செல்போன் ஷோரூம்காரர்கள் வரப்போகிறார்கள் என்று அண்ணன் தரையில் கால் பாவாமல் நடந்தான். வாசல் முழுக்கக் கண்ணாடி போடுவார்களாம். பெயிண்ட் வேலை நடக்கிறது, யாரும் உள்ளே வர வேண்டாம் என்று ஷட்டரை இறக்கிவிட்டான். பெயிண்ட் வாசனை பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அண்ணியையும் பாப்பாவையும் அண்ணியின் அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் அனுப்பினான். அக்காதான் பெட்டி படுக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு போய், தன் வண்டியிலேயே ஜன்னல் சீட் பிடித்து உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டாள். இறங்கும்போது பாப்பா, "அத்தை, என் விசில் எப்ப?" என்று கேட்டாள். "நீ பெரியவளாகி, யாராவது உன் பேச்சைக் கேக்கலைன்னா அப்ப தர்றேன்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் புதுசாக ஒரு கோடு வர ஆரம்பித்தது. கடைசி நிறுத்தத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா செல்போனைப் பார்ப்பாள். கோடு தடித்து, விட்டு விட்டு, பல்லை நறநறவென்று கடிப்பது போல ஓடும். வாஷிங் மெஷின் இல்லை, லாரி இல்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில், இன்சூரன்ஸ்காரர் ஆபீசில், பிள்ளைகள் வகுப்பில், கட்டடத்தில் ஈ காக்கை கிடையாது. அப்படியானால் இன்சூரன்ஸ்காரரின் டிரெட்மில்தான் என்று அக்கா தீர்மானித்தாள். தொப்பை குறைக்க வாங்கி வீட்டுக்குள் வைத்திருந்தார் அவர். படிக்கட்டில் மடக்கினாள்.

"ஏன் சார் மத்தியானத்துல ஓடுறீங்க? என் பெட்டி பல்லைக் கடிக்குது."

"மத்தியானம் நான் ஆபீஸ்ல இருக்கேன்மா!"

"அப்ப டிரெட்மில்ல யார் ஓடுறா? உங்க தொப்பையைப் பார்த்தா நீங்க ஓடுற மாதிரியும் தெரியலை."

மனிதர் அவமானத்தில் சிவந்துபோய், சத்தம் போட்டு, "வீட்டுக்காரர் தங்கச்சின்னா என்ன வேணா பேசலாமா?" என்று கேட்டார். அக்கா விடவில்லை, அவரும் விடவில்லை. அண்ணன் வந்து இருவரையும் விலக்கிவிட்டான். "அவர் ஓடினா ஓடட்டும் தங்கச்சி, விட்டுத் தள்ளு. அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடு. உன் நிம்மதியே போச்சு" என்றான். அண்ணன் அக்கறையில் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நினைப்பை நினைத்து அவள் பிற்பாடு தன் தலையில் எத்தனை தடவை அடித்துக்கொண்டாளோ.

ஒருநாள் வண்டி நடுவழியில் புகை விட்டு நின்றது. பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, அக்கா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. செல்போனில் பல்லைக் கடித்த அதே கோடு, இப்போது சத்தமாக. ஷட்டர் முழங்கால் அளவுக்குத் திறந்திருந்தது. சிமெண்டுப் புழுதி புகை மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது. பெயிண்ட் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. குனிந்து உள்ளே போனாள்.

கடையின் நடுவே அந்தத் தூண் நின்றது. நின்றது என்று சொல்வதற்கில்லை. இடுப்புப் பக்கம் பாதிக்குமேல் தின்னப்பட்டிருந்தது. உள்ளேயிருந்த கம்பிகள் துருப்பிடித்து, சில அறுபட்டு, சில வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இரும்பு முட்டுக் கால்கள், மழைக்குக் குடை பிடித்த மாதிரி. வாயில் துண்டு கட்டிய இரண்டு வேலையாட்கள் கான்கிரீட் உடைக்கிற மெஷினைப் பிடித்திருந்தார்கள். அண்ணன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் இந்த நேரத்துல வந்தே?"

அக்கா கிட்டே போய் அறுபட்ட கம்பி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

"ஷோரூம்காரங்க நடுவுல தூண் இருந்தா வேண்டாங்கிறாங்க. எடுத்துட்டு இரும்பு உத்தரம் போட்டுடுவேன். வந்து பார்த்த மேஸ்திரி சொல்லிட்டார், இது சும்மா அழகுக்கு நிக்கிற தூணாம்."

"அழகுக்கு நிக்கிற தூணுக்குள்ள எதுக்குண்ணே இவ்வளவு கம்பி?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"கோர்ட்டு வாசல்ல என்ன சொன்னே? தூணை வெட்டினவன் கையை வெட்டணும்னு சொன்னியா இல்லையா?"

அண்ணன் வேலையாட்களைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "அது வேற தூண், தங்கச்சி. இது வேற தூண்" என்றான்.

அவள் மெஷினின் வயரைப் பிடித்து இழுத்தாள். சத்தம் நின்றது. வேலையாட்கள் இருவரும் நமக்கேன் வம்பு என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அண்ணன் அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, "சாயந்திரம் பேசிக்கலாம். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. இந்தக் கட்டடத்தை விட்டா எனக்கு வேற பொழப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டான்.

அக்கா மாடியேறிச் சமையலறைக்குப் போனாள். தூணும் பெட்டியும் அதே மூலையில் இருந்தன. இத்தனை நாளும் இந்தத் தூண் கத்திக் கத்திச் சொன்னதைத்தான் பெட்டி அவளிடம் சொல்லியிருக்கிறது. அவளோ எவனுடைய தொப்பையையோ பழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். சம்பந்தப்பட்டவர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் எப்போதும் வெளியேதான் போயிருப்பார். சாயந்திரம் எல்லோரும் வீடு திரும்பும்வரை தெருவில் நின்றாள், ஒருவரையும் மேலே விடக்கூடாது என்று. ஆனால் டீச்சர் குடும்பம் பின்பக்கப் படி வழியாக ஏறிவிட்டது. அப்போதுதான் விசிலை எடுத்தாள். ஒரே நீள விசில். மூச்சு முழுக்க.

"மறுபடியும் வாஷிங் மெஷினா?" என்று டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர் முறைத்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிவந்தான்.

"எல்லாரும் கீழே வாங்க. யாரும் மேல போகக் கூடாது. கடைக்குள்ள தூணை வெட்டிட்டாங்க."

"இவளுக்கு மாப்பிள்ளை போனதுலேருந்து மனசு சரியில்லை, உங்களுக்குத் தெரியாததா?" என்றான் அண்ணன், எல்லோரையும் பார்த்து, சோகமாகத் தலையை ஆட்டிக்கொண்டு. "எங்க பார்த்தாலும் தூண், எங்க பார்த்தாலும் நடுக்கம். உள்ளே பெயிண்ட் வேலை நடக்குது, அவ்வளவுதான்."

அந்த வார்த்தை அவளை உரித்துப் போட்டது. இறந்தவரையே எடுத்துத் தன் மேல் வீசுவான் என்று அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஆட்கள் அண்ணன் பக்கம் சாய்வது தெரிந்தது. இன்சூரன்ஸ்காரர்தான் பேசினார்: "கொஞ்சம் யோசிம்மா. அவரும் இதே கட்டடத்துல குடியிருக்கார். அவர் பொண்டாட்டி பிள்ளை இங்க இருக்காங்க. தன் வீட்டுத் தலையில தானே யாராவது கல்லைப் போட்டுக்குவாங்களா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஜன்னல் சீட், பாப்பாவின் பை, ஒத்துக்கொள்ளாத பெயிண்ட் வாசனை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி எங்கேண்ணே?"

அண்ணன் டீக்கடைப் பக்கம் திரும்பினான்.

"பாப்பா எங்கே?"

தெருவே அவன் முகத்தைப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவனின் முகம் அது. டீச்சருக்கு முதலில் புரிந்தது. "ஐயோ" என்று கத்திவிட்டு, மாடியில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினார். இன்சூரன்ஸ்காரர் அண்ணனின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து ஷட்டரைத் தூக்கினார். உள்ளே தூணைப் பார்த்தபின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கு எந்த நடுக்கமும் வரவில்லை. வந்திருந்தால், இயற்கைச் சீற்றம் என்று இன்னொரு அறிக்கை எழுதியிருப்பார்கள்.

மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்து தூணைச் சுற்றி நிறைய முட்டுக் கொடுத்து, கட்டடத்துக்குச் சீல் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் வெட்டியிருந்தால் நடுக்கமே வேண்டியிருக்காது, நாலு பேர் சேர்ந்து படியேறினால் போதும் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அக்காவுக்கு யாரும் மாலை போடவில்லை. நடுவருஷத்தில் வீடு தேடி அலையவிட்டாளே, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று டீச்சர் முனகினார். செத்தபிறகு எந்தப் பரீட்சை என்று அக்கா கேட்டாள், அத்தோடு அந்தப் பேச்சும் போனது. இன்சூரன்ஸ்காரரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க முயன்றாள். "தொப்பை விஷயத்துல நான் சொன்னது..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல், "ஓடுங்க சார், நல்லா ஓடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் அவளைத்தான் ஏசினார்கள். இடம் கொடுத்த அண்ணனைத் தெருவில் நிறுத்திவிட்டாளாம், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டாளாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு அறை எடுத்துக்கொண்டு பெட்டியை மூலையில் வைத்தாள். அங்கே கோடு நேராக ஓடியது. அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஒரு கேள்வி தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. தூணை ஏன் வெட்டினான் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆசை. அது உலகத்துக்கே பொதுவான நோய். பொய் ஏன் சொன்னான் என்பதும் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்.

மழை தூறிய ஒரு காலையில் அண்ணன் அவள் வண்டியில் ஏறினான். இளைத்திருந்தான், தாடி விட்டிருந்தான். கூட்டம் குறைவு. கடைசி சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் வரும்வரை காத்திருந்தான்.

"எங்க போகணும்?" என்றாள், யாரோ ஒரு பயணியிடம் கேட்பது போல.

"உங்கண்ணி வீட்டுக்குத்தான். எதுக்கு அனுப்பினேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ என்கூடப் பேச மாட்டேங்கிறா. பாப்பாவைக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறா. கட்டினவ அவளே என்ன கேக்கிறா தெரியுமா? கூடப் பிறந்தவளை விட்டுட்டு எங்களை மட்டும் அனுப்பினவன், நாளைக்கு எங்களை விட்டுட்டு யாரை அனுப்புவான்னு." அவன் குரல் உடைந்தது. "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. நீயாவது..."

அந்தப் பழமொழி அவன் வாயிலிருந்து வந்ததும் அக்காவுக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உண்மையைச் சொல்லு. அவங்களை அனுப்பினியே, என்னை ஏன் அனுப்பலை? நான் அந்தத் தூணுக்கு நேர் மேல படுத்திருந்தேன்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவன் போல மெதுவாகச் சொன்னான்.

"அவகிட்ட பெயிண்ட்னு சொன்னேன், கிளம்பிட்டா. பாப்பாவும் கிளம்பிட்டா. உன்னை அனுப்பணும்னா நீ ஏன்னு கேப்பே. நீ கேக்க ஆரம்பிச்சா வேலை நின்னுடும்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா விழாமல் நின்றாள். இத்தனை வருஷம் ஆடுகிற வண்டியில் நின்று பழகிய கால். அவள் வாயை மூட அப்பா ஊசி தேடினார், வாத்தியார் பிரம்பைத் தேடினார். இவன் எதையும் தேடவில்லை. மேலே ஒரு கட்டடம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டான்.

அவள் விசிலை வாயில் வைத்து ஒரே நீளமாக ஊதினாள். அடுத்த நிறுத்தம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. டிரைவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தான். வண்டி நடுரோட்டில் நின்றது.

"இறங்கு" என்றாள்.

"தங்கச்சி, மழை பெய்யுது..."

"இறங்கு."

அவன் எழுந்தான். படியில் ஒரு கணம் தயங்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கினான். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினான்: "என்னக்கா, இங்க ஸ்டாப்பே இல்லையே! ஏன் நிறுத்தினீங்க?"

அக்கா இரண்டு விசில் அடித்தாள்.